டவுன் பஸ்ஸுக்கு ஒரு தூண்டில் புழு

ஐம்பத்து மூன்று வயதுவரை என்னை யாரும் எதற்கும் முன்னால் நிறுத்தியதில்லை. கல்யாண போட்டோவில்கூடப் பின்வரிசைதான். அந்த மரியாதை கடைசியில் மதுரை ரோட்டில், சின்னாளப்பட்டிக்கு இந்தப் பக்கம் உள்ள எங்கள் பஸ் ஸ்டாப்பில் கிடைத்தது.

என் ஸ்கூட்டர் மெக்கானிக்கிடம் வீட்டோடு மாப்பிள்ளையாகத் தங்கிவிட்ட வாரம் அது. நிழற்குடைக்குள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். ரோட்டோரம் ஏழெட்டுப் பெண்கள். பெண்களிடம் டிக்கெட்டுக்குக் காசு கேட்காத டவுன் பஸ் வந்தது, அவர்களைப் பார்த்தது, போயே போய்விட்டது.

"அண்ணே, நீங்க செத்த முன்னால வந்து நில்லுங்க," என்றாள் ஒருத்தி. திண்டுக்கல்லில் ஏதோ ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்கும் வேலை; எட்டு மணி தாண்டினால் அரைநாள் சம்பளம் வெட்டு. "பொம்பளைக மட்டும் நின்னா நிப்பாட்ட மாட்டான். ஆம்பள நின்னா டிக்கெட்டு விழுகும்ல!"

நின்றேன். பெண்கள் நிழற்குடைக்குப் பின்னால் பதுங்கினார்கள். அடுத்த பஸ் என் காலடியில் வந்து நின்றது. அத்தனை பேரும் பாய்ந்து ஏறினார்கள். கடைசியாக ஏறிய என்னை ஓட்டுநர் முறைத்தார்.

"ஓசிக் கூட்டம்," என்று முணுமுணுத்தார் கண்டக்டர். ஓசிப் பயணமாம்! அவள் டிக்கெட்டுக்கு அரசாங்கம் பணம் கட்டுகிறது. அரசாங்கத்துக்கு அவள் வாங்கும் சோப்பிலும் பேஸ்டிலும் வரி போகிறது. முன்பணம் கட்டிவிட்டு வெயிலில் நிற்கிறவளுக்கு ஓசி என்று பட்டம். நிற்காத பஸ் யாருக்குத்தான் இலவசமில்லை?

இரண்டு நாள் தூண்டில் வேலை செய்தது. அடுத்த நாள் பஸ் வேகம் குறைந்தது. ஓட்டுநர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். வேகம் கூடியது.

"போச்சு! ஒங்களையும் எங்க கூட்டத்துல சேத்துட்டான்ணே," என்று சிரித்தபடியே அவள் ஷேர் ஆட்டோவுக்குக் கை காட்டினாள். ஆள் நிரம்பும்வரை ஆட்டோ நகரவில்லை. அவள் சிரிப்பும் அதற்குள் நின்றுபோயிருந்தது.

மறுநாள் இஸ்திரி போட்ட சட்டையும் கோபமுமாகப் போனேன். என் இடத்தில் வேறொருவர் நின்றிருந்தார். கையில் சூட்கேஸ், முகத்தில் நல்ல டிக்கெட் களை.

"ஆட்டோவுக்கும் அழுது, அரைநாளும் போச்சுண்ணே. இனி ஒங்க மூஞ்சி ஆகாது. பின்னால வாங்க," என்றாள் அவள்.

சட்டைப்பையில் சரியான சில்லறை வைத்திருந்த நான் பெண்களோடு பதுங்கினேன். பஸ் நின்றது. எல்லோரும் ஓடினார்கள். என் முட்டி ஓட மறுத்தது. கண்டக்டர் விசில் ஊதினார். அவளோ ஒரு காலைப் படியிலும் மறுகாலை ரோட்டிலும் ஊன்றிக்கொண்டு கத்தினாள்:

"அண்ணன் ஏறட்டும் சார்! அவரு டிக்கெட்டு எடுக்குற ஆளு!"