பஞ்சர் பேசின் தண்ணீர்

என் வீட்டுக் கிணற்றடியில் ஒரு எனாமல் பேசின் இருக்கிறது. வெள்ளைப் பூச்சு பாதிக்கு மேல் உதிர்ந்துவிட்டது. விளிம்பின் நீலக்கோடு அங்கங்கே மட்டும் தெரியும். வேலைக்கு வரும் பெண் இரண்டு தடவை அதைப் பழைய இரும்புக்காரரிடம் போடப் பார்த்தாள். இரண்டு தடவையும் சண்டை போட்டுத் திரும்ப வாங்கினேன். இப்போது அதில் காக்கைக்குத் தண்ணீர் வைக்கிறேன். ஒரு காலத்தில் அது விராலிமலையில், திருச்சி மதுரை ரோட்டோரம், என் அக்கா வீட்டுக்காரருடைய வாடகை சைக்கிள் கடையில் இருந்தது. பஞ்சரான ட்யூபை அதில் முக்கித்தான் அத்தான் ஓட்டையைக் கண்டுபிடிப்பார். "மேல பாத்தா ஒண்ணும் தெரியாது. தண்ணியில முக்குனா அதுவே சொல்லிரும்" என்று வாடிக்கைக்காரர்களிடம் ஏதோ பெரிய வித்தையைக் காட்டுவது போலச் சொல்வார்.

சமஸ்தானம் போய், புதுக்கோட்டை திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். பக்கத்தில் கத்தோலிக்கப் பங்குப் பள்ளிக்கூடத்தில் எனக்கு டீச்சர் வேலை கிடைத்து, அக்கா வீட்டோடு தங்கியிருந்தேன். வயது இருபத்திரண்டு. ஞானோபதேசக் கேள்வி பதில் முழுக்க எனக்கு மனப்பாடம். அந்தப் பெருமையும் கொஞ்சநஞ்சமில்லை. எங்கள் சின்னக் கோயிலுக்குச் சாமியார் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் பூசை வைக்க வருவார். மற்ற நாளெல்லாம் செபம் சொல்வதும், பிள்ளைகளுக்கு மந்திரம் கற்றுத் தருவதும், சாகக் கிடப்பவர் பக்கத்தில் உட்காருவதும், ஆள் போய்விட்டால் அடக்கம் பண்ணுவதும் உபதேசியார் பொறுப்பு. அவர் குருப்பட்டம் வாங்கியவர் இல்லை, நம்மைப் போலக் குடும்பஸ்தர்தான். எங்கள் உபதேசியார் அந்த வருஷம் தை மாதம் இறந்துபோனார். அந்த இடத்துக்கு வரச் சொல்லிச் சாமியார் அத்தானைக் கேட்டார்.

அத்தான் மூன்று மாதமாக "யோசிச்சுச் சொல்றேன் சாமி" என்றே இழுத்துக்கொண்டிருந்தார். அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "ஆண்டவரு ஒங்களுக்குத் தந்தி அடிக்கணுமாக்கும்?" என்று இடிப்பாள். காரணத்தை அவர் என்னிடம்தான் சொன்னார். "எனக்கு ஆசை இருக்கு டீச்சர். அதுதான் பயமா இருக்கு. அந்தப் பெரியவரு தெருவுல நடந்தா எல்லாரும் எந்திரிச்சு நிப்பாங்க. சின்னப்புள்ளையிலேருந்து எனக்கு அது மேல ஒரு கண்ணு. இப்பக் கூப்புடுறது ஆண்டவரா, அந்த ஆசையா? எனக்கு எப்புடித் தெரியும்?" ஏதாவது ஒரு அடையாளம் கிடைத்தால் போதும் என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தார். நான் மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். இவ்வளவு நல்ல மனிதர் இதற்குப் போய் இப்படிக் குழம்புவாரா என்றிருந்தது.

சித்திரை மாதம், கண் கூசுகிற வெயில். எனக்குப் பள்ளிக்கூடம் விடுமுறை. கடையில் அத்தானுக்குச் சாப்பாடு கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தேன். கொடும்பாளூர்ப் பக்கமிருந்து ஒரு மாட்டு வண்டி விரட்டிக்கொண்டு வந்து நின்றது. எங்கள் கோயிலுக்கு வருகிற குடும்பம்தான். ஒரு இளம் தம்பதி. தாயின் மடியில் பிறந்து ஐந்து நாளே ஆன பிள்ளை, வலிப்பில் கைகால் விறைத்து, உதடு நீலம் பாரித்துக் கிடந்தது. திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் பிடிக்க வந்திருந்தார்கள். சாமியார் வர இன்னும் மூன்று வாரம் இருந்ததால் பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஆகவில்லை. "அண்ணே, பஸ்சு வர்றதுக்குள்ள போயிரும்போல இருக்கு. தண்ணி ஊத்துங்கண்ணே" என்று அந்தத் தாய் கத்தினாள். உயிர் போகிற நேரத்தில் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்பது எங்களுக்கெல்லாம் தெரியும். அத்தான் சுற்றுமுற்றும் பார்த்தார். கைக்கெட்டியது அந்த பேசின்தான். குனிந்து இரு கையாலும் தண்ணீரை அள்ளினார்.

அள்ளியவருக்கு வார்த்தை வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. விரலிடுக்கில் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. வகுப்பில் எந்தப் பிள்ளையாவது பாதியில் திக்கி நின்றால் அடுத்த வரியை எடுத்துக் கொடுப்பது என் பழக்கம். ஒரு நொடி பொறுக்க மாட்டேன். அன்றும் பொறுக்கவில்லை. "பிதா, சுதன்" என்று தொடங்கி "உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்பது வரை கணீரென்று நானே சொல்லி முடித்தேன். நான் சொல்லச் சொல்ல அவர் ஊற்றினார். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்கள்.

பிள்ளை பிழைத்துக்கொண்டது. பத்து நாளில் செய்தி வந்ததும் ஊரே கடைக்கு வந்து அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டது. இதைவிடப் பெரிய அடையாளம் என்ன வேண்டும் என்றார்கள். அக்கா வந்தவர்களுக்கெல்லாம் மோர் ஊற்றிக் கொடுத்துக் கொண்டாடினாள். அத்தான் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை அதற்கு முன் நான் கண்டதில்லை. சாமியார் வந்ததும் சரி என்று சொல்லிவிடப் போவதாக அக்காவிடம் சொல்லிவிட்டார்.

அந்த வாரம் கோயிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் நடத்தினேன். ஞானஸ்நானம் எப்படிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டபோது, ஒரு வாண்டுப் பெண் எழுந்து, தண்ணீர் ஊற்றுகிறவரே வார்த்தையையும் சொல்ல வேண்டும், ஒருவர் ஊற்ற இன்னொருவர் சொன்னால் செல்லாது என்று திக்காமல் ஒப்பித்தாள். நான் சொல்லிக் கொடுத்ததுதான். அந்தப் பிள்ளைக்கு ஞானஸ்நானமே ஆகவில்லை. ஆனது போலக் காட்டியது என் வாய்த் துடுக்கு. அத்தானுக்குப் பதற்றத்தில் இது தோன்றவேயில்லை. சொன்னால் அவருடைய அடையாளம் போய்விடும். சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளை காலத்துக்கும் அப்படியே இருந்துவிடும். ஒரு வாரத்துக்கு மேல் வாயைத் திறக்கவில்லை. எல்லாவற்றுக்கும் முந்திக்கொள்ளும் வாய், இதற்கு மட்டும் பூட்டிக்கொண்டது. வெட்கமாக இருந்தது.

சாமியார் வருவதற்கு முந்தின நாள் கடைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் ட்யூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். ஒட்டை அழுத்தி, காய்கிற வரைக்கும் விரலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். பிறகு, "சாமிகிட்ட நான் சொல்லிக்கிறேன். ஒம் பேரு வேணாம்" என்றார். என் மேல் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

மறுநாள் பூசை முடிந்து, பிழைத்து வந்த பிள்ளையின் பெயரை எழுதச் சாமியார் பதிவுப் புத்தகத்தைத் திறந்தார். ஞானஸ்நானம் கொடுத்தது யார் என்றதும் கோயில் முழுக்க அத்தானைத் திரும்பிப் பார்த்தது. அவர் எழுந்தார். "அது செல்லாது சாமி. தண்ணிதான் நான் ஊத்துனேன். எனக்கு நாக்கு எழும்பல. வார்த்தைய வேறொரு ஆளு சொன்னாங்க." யார் என்று சாமியார் கேட்டார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெண்கள் பக்கத்திலிருந்து நான் எழுந்து நின்றேன். சாமியார் பிள்ளையை வாங்கி, தாமே தண்ணீர் ஊற்றி முறைப்படி கொடுத்தார். வெளியே வந்ததும் அத்தான், "என்னைய விட்டுருங்க சாமி" என்றார். சாமியாரும் வற்புறுத்தவில்லை. அக்கா ஒரு வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதற்கப்புறம் அத்தான் உபதேசியார் பேச்சையே எடுக்கவில்லை. ஒரு நாள் காலையில் அந்தப் பிள்ளையின் தகப்பன் சைக்கிள் கடை வாசலில் வந்து நின்றான். "உபதேசியாரு இருக்காரா?" என்றான். அத்தான் நிஜமாகவே தன் முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"அவரு போய்ச் சேந்து ஆறு மாசமாச்சே, தம்பி."

"ஒங்களத்தான் கேக்குறேன். எங்கப்பா இழுத்துக்கிட்டுக் கெடக்காரு. ஒங்களக் கூட்டியாரச் சொன்னாரு."

"ஒம் புள்ள விசயத்துல நான் பண்ணுனது தெரியும்ல? வேற ஆளப் பாருப்பா."

"அதுனாலதான் வந்தேன். நீங்க செஞ்சது செல்லலைன்னா செல்லலைன்னு சொல்லிருவீங்க. வேற யாரை நம்பி எங்கப்பாவை அனுப்புறது?"

அத்தான் பாதி பிரித்த சக்கரத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு பேசினில் கை கழுவினார். சட்டையை மாட்டிக்கொண்டே, "டீச்சர், நீயும் வா. வாய மூடிக்கிட்டு வரணும்" என்றார்.

அந்த வீட்டில் சாகிறவர்களுக்கான செபத்தை அத்தான் பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். நடுவில் நின்றுபோனார். அடுத்த வரி என் நாக்கு நுனியில் துடித்தது. முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். வீட்டில் எல்லோரும் காத்திருந்தார்கள். சாகக் கிடந்த பெரியவர்கூடக் காத்திருந்தது போலத்தான் இருந்தது. பிறகு அந்த வரி அவருக்கே வந்தது, மெதுவாக, அவர் குரலில். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த மாதம் சாமியார் கேட்கவுமில்லை, அத்தான் சரி என்று சொல்லவுமில்லை. பதிவுப் புத்தகத்தில் உபதேசியார் என்ற இடத்தில் அவர் பெயரை எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான். சாகும் வரை செபத்தில் எங்கேயாவது நின்று நின்றுதான் சொன்னார். அவருக்குப் பிறகு அக்கா இந்த பேசினை என்னிடம் கொடுத்துவிட்டாள். போன ஞாயிறு கோயிலில் ஒரு இளைஞன் வாசகத்தின் நடுவே தடுமாறி நின்றான். எனக்கு எண்பது தாண்டியும் வாய் தானாகத் திறந்தது. சட்டென்று முந்தானையைக் கடித்துக்கொண்டு, அவனுக்கு வரட்டும் என்று காத்திருந்தேன்.