அலாரத்தின் கதவு

மாணவியர் விடுதியின் இரண்டாம் மாடியில் அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒருத்திக்கும் ஞாபகமில்லை. எல்லோருக்கும் அவள் அலாரம். கைபேசி எல்லோரிடமும் இருந்தது. ஆனால் அது அடித்தால் கட்டைவிரலால் ஒரு தடவு தடவிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்ளலாம். இவளை அப்படியெல்லாம் அடக்க முடியாது.

அவள் கொண்டுவந்த ஏற்பாடு இதுதான். படிக்கட்டை ஒட்டிய முதல் அறை அவளுடையது. காலையில் எழுந்து அடுத்த அறைக் கதவைத் தட்டுவாள். அந்த அறைக்காரி எழுந்து அதற்கடுத்த கதவைத் தட்ட வேண்டும். இப்படியே தாழ்வாரத்தின் கோடி வரைக்கும் போகும். சட்டம் ஒன்றே ஒன்று: உள்ளே படுத்தபடி "முழிச்சிட்டேன்" என்று கத்தினால் செல்லாது, கதவைத் திறந்து முகத்தைக் காட்ட வேண்டும். காய்ச்சலில் சுருண்டு கிடந்த ஒருத்தியையும், இரவெல்லாம் அழுது முகம் வீங்கியிருந்த இன்னொருத்தியையும் அந்தச் சட்டம்தான் காட்டிக்கொடுத்தது. அழுதவளைக் கையோடு கல்லூரியின் மனநல ஆலோசகரிடம் கூட்டிப்போனதும் அலாரம்தான்.

எழுப்புகிற வேலை அவளுக்குப் புதிதில்லை. அம்மாவுக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை, விடியுமுன்னே கிளம்பிவிடுவாள். பேருந்து ஓட்டிவிட்டு வரும் அப்பா அடித்துப்போட்ட மாதிரி தூங்குவார். தம்பி தங்கையை உலுக்கி எழுப்பி, தலை வாரி, பள்ளிக்கூடத்துக்குத் தள்ளிவிட்டதெல்லாம் மூத்தவளான இவள்தான். "எம் பொண்ணு இருக்கா, எனக்கென்ன கவலை?" என்று அம்மா அக்கம்பக்கத்தில் பெருமையடித்துக்கொள்வாள். அதைக் கேட்டே வளர்ந்தவளுக்கு, தனக்கும் கவலை வரலாம் என்று தோன்றவே இல்லை.

வந்தது. வேதியியலில் ஒரு பாடத்தில் தோற்றாள். வீட்டில் சொல்லவில்லை. அடுத்த பருவத்தில் புத்தகத்தைத் திறந்த வேகத்திலேயே மூடிவைத்தாள். ஆய்வகத்துக்குப் போகிற வழியில் பாதியில் திரும்பினாள், பிறகு போவதையே விட்டாள். காலையில் பக்கத்துக் கதவைத் தட்டுவாள், எல்லோரிடமும் சிரித்துப் பேசுவாள். கடைசி ஆள் படியிறங்கியதும் கதவைச் சாத்திக்கொண்டு சாயங்காலம் வரை படுத்துக் கிடப்பாள். ஊரையே எழுப்பிவிட்டுத் தான் போய்ப் படுத்துக்கொள்கிற அலாரத்தை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? அந்த மாடியில் இருந்தது. சோம்பேறிக் கழுதை என்று தன்னையே திட்டிக்கொள்வாள். திட்டத் திட்ட உடம்பு இன்னும் கனத்தது. வருகைப்பதிவு வேறு குறைந்துகொண்டே வந்தது. இன்னும் கொஞ்சம் போனால் பரீட்சை எழுத விடமாட்டார்கள்.

ஒருநாள் காலையில் எழுந்து உட்காரவே முடியவில்லை. தட்டவில்லை. அன்றைக்கென்று பார்த்து மாடியில் பாதிப் பேருக்கு வகுப்புத் தேர்வு. பல் தேய்க்காமல், செருப்பைக் கால் மாற்றி மாட்டிக்கொண்டு ஓடினார்கள்.

தேர்வைக் கோட்டைவிட்ட ஆத்திரத்தோடு திரும்பி வந்தாள் கடைசி அறைக்காரி. ஆள் சின்னது, எண்ணெயில் போட்ட மாதிரி வெடிப்பாள். அதனால் கடுகு என்று பெயர். முதல் அறைக் கதவை இரண்டு கையாலும் அடித்தாள்.

"ஏய் அலாரம்! ஏன் இன்னிக்குத் தட்டல? என்னை உள்ளயே விடல, தெரியுமா?"

"லேசா ஜுரம். மாத்திரை போட்டுட்டேன். நல்லாத்தான் இருக்கேன், நீ போ."

வெளியே சத்தமில்லை. போய்விட்டாள் என்று நினைத்ததும் நிம்மதி வரவில்லை. போகாதே என்று கூப்பிட வேண்டும் போலிருந்தது. வாய் வரவில்லை.

"குரல் செல்லாது," என்றாள் கடுகு வெளியிலிருந்து. "நீ போட்ட சட்டம்தானே? முகத்தைக் காட்டு."

வெகுநேரம் கழித்துத் தாழ்ப்பாள் நகர்ந்தது. சிக்குப் பிடித்த தலை, மேசையில் தொடாத ரொட்டி, மூலையில் துவைக்காத துணி. வைத்திருந்த வசவையெல்லாம் கடுகு விழுங்கிவிட்டாள்.

"எத்தனை நாளா இப்படி?"

"தெரியல. என்னால முடியல கடுகு."

"ஆரம்பிக்கிறதே நீதான். உன் கதவை யாருமே தட்டலயேடி! எங்க ஒருத்திக்கும் அது தோணலயே!" கடுகு தலையில் அடித்துக்கொண்டாள்.

அன்று மத்தியானமே இழுத்துக்கொண்டு போனாள். ஆலோசகர் அறை வாசலில் அலாரம் நின்றுவிட்டாள். "நானே இங்க ஆள் கூட்டிட்டு வந்தவ. என்னைப் பத்தி என்ன நெனைப்பாங்க?"

"வழி தெரிஞ்ச பொண்ணுன்னு நெனைப்பாங்க. நட."

ஆலோசகர் குறுக்கே பேசாமல் கேட்டார். இது சோம்பல் இல்லை என்றார், வாராவாரம் வரச் சொன்னார், மருத்துவரையும் பார்க்கச் சொன்னார். துறையிடம் தானே பேசுவதாகச் சொன்னார். ஒரே அலசலில் வெளுத்துவிட மனசு ஒன்றும் துணியில்லை. ஆனாலும் வெளியே வரும்போது அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அம்மாவைக் கூப்பிட்டு, தோற்ற பாடத்திலிருந்து எல்லாவற்றையும் கொட்டினாள்.

"எல்லாரையும் நீ எழுப்பின. உன்னை எழுப்ப நான் ஒருநாளும் வீட்டுல இருந்ததில்லையேம்மா," என்று அம்மா உடைந்துபோனாள். "பாடம் கிடக்கட்டும். லீவு சொல்லிட்டு நான் வரேன்."

மறுநாளிலிருந்து வரிசை வட்டமாயிற்று. கடுகு தன் கைபேசியைத் திட்டிக்கொண்டே எழுந்து, தாழ்வாரம் முழுக்க நடந்து வந்து முதல் கதவைத் தட்டினாள். சில நாள் அலாரம் எழுந்து அடுத்த கதவுக்குப் போனாள். சில நாள் கதவைத் திறப்பதே பெரும்பாடாக இருந்தது. அப்படி ஒரு நாள் வெட்கத்தை விட்டு, "இன்னிக்கு என்னால தட்ட முடியாது," என்றாள்.

"முகத்தைக் காட்டிட்டல்ல, போதும்." கடுகு தானே போய் அடுத்த கதவைத் தட்டினாள்.

அலாரம் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த கதவு, அதற்கடுத்த கதவு என்று அவள் இல்லாமலே தட்டல் கோடி வரைக்கும் போயிற்று. தான் படுத்தால் எல்லாம் படுத்துவிடும் என்று இத்தனை வருஷம் பயந்திருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. அவளுக்கு அழுகை வந்தது. வெகுநாளைக்குப் பிறகு, கூடவே பசியும் வந்தது.