கறிவேப்பிலையும் முதல் சுற்றும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை பக்கத்து வீட்டுக்குக் கறிவேப்பிலை கொடுக்கப் போனேன். கொடுத்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். திரும்பினேனா?

நார்த்மீட்டில் எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் ஒரு கறிவேப்பிலைச் செடி நிற்கிறது. இந்தத் தெருவில் எனக்கு இருக்கும் மரியாதை முழுக்க அந்தச் செடியால் வந்தது. சிட்னிக் கடைகளில் கறிவேப்பிலை வாங்கியவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

உள்ளே போனால் ஹாலில் ஒரே நிசப்தம். சிவநேசன் அண்ணன் சோபாவின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். எதிரே பெரிய டிவியில் வீடியோ கால். திரையில் டொரன்டோவிலிருந்து குணம் அண்ணன் – இவர்களுக்குச் சம்பந்தியாகப் போகிறவர். இரண்டு பேர் முகமும் ஐ.சி.யூ. வாசலில் நிற்பவர்கள் முகம் மாதிரி இருந்தது.

எனக்குப் பகீரென்றது. "என்ன அண்ணா, யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"ஓம் தங்கச்சி," என்றார் சிவநேசன் அண்ணன் கம்மிய குரலில். "கோல்கீப்பருக்கு. இடுப்பில பிடிப்பு."

அப்போதுதான் மூச்சு வந்தது. ஏப்ரல் மாதம் அல்லவா... ஐஸ் ஹாக்கி பிளே-ஆஃப் காலம்!

இந்தப் பத்திக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். சிவநேசன் அண்ணன் யாழ்ப்பாணத்திலிருந்து நேராக ஆஸ்திரேலியா வந்தவர் இல்லை. இடையில் பல வருடங்கள் டொரன்டோவில் இருந்தார். அங்கிருந்து கிளம்பும்போது குளிர் கோட்டு எல்லாவற்றையும் தானம் செய்துவிட்டார். ஹாக்கிப் பைத்தியத்தை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்துவிட்டார். அங்கே இரவு நடக்கும் ஆட்டம் இங்கே நமக்குக் காலைப் பலகார நேரத்தில் வரும். இட்லியோடு ஐஸ் ஹாக்கி பார்க்கும் வீடு உலகத்தில் வேறெங்காவது உண்டா, தெரியவில்லை.

எந்த அணி என்று கேட்காதீர்கள். தொடர் முடியும் முன் பெயரைச் சொன்னால் ராசி கெட்டுவிடும் என்பது அண்ணனின் சித்தாந்தம். வீட்டுக்குள் 'எங்கட ஆக்கள்' என்றுதான் பேச்சு. இந்தப் பத்தியை அவர் படிப்பார். எனக்கெதற்கு வம்பு?

முதல் சுற்றில் ஏழு ஆட்டம். யார் முதலில் நான்கை வெல்கிறார்களோ, அவர்கள் அடுத்த சுற்றுக்குப் போவார்கள். 'எங்கட ஆக்கள்' வருடம் முழுக்கப் புலி மாதிரி ஆடுவார்கள். முதல் சுற்று வந்ததும் பொட்டலம் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். அண்ணன் முகத்தைப் பார்த்துப் பார்த்து நான் தெரிந்துகொண்ட வரலாறு இது.

நானும் சும்மா ஆள் இல்லை. கோவில்பட்டிக்காரி. எங்கள் ஊரில் ஹாக்கி மட்டை இல்லாத தெருவை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்தத் தைரியத்தில், "பெனால்டி கார்னர் எடுக்க நல்ல ஆள் இருக்காங்களா?" என்று கேட்டுவைத்தேன்.

இரண்டு பேரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

"தங்கச்சி, அது புல்லில விளையாடுறது. இது ஐஸ். நீங்கள் இருந்து தேத்தண்ணி குடியுங்கோ," என்றார் சிவநேசன் அண்ணன்.

குடித்தேன். குடித்துக்கொண்டே அவர்கள் சாத்தியங்களை எடைபோடுவதைக் கேட்டேன். எதிரணியின் தடுப்பு பலம். எதிரணியில் ஆள் குறையும்போது ஆடும் பவர் பிளேயில் நம்மவர்கள் பிரமாதம். வருடமெல்லாம் கோல் போட்டுவிட்டு ஏப்ரலில் ஒளிந்துகொள்ளும் அந்த ஒருவர் இந்த முறை ஒளியமாட்டார். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் குணம் அண்ணன் ஒரு முத்திரை குத்தினார் – "இந்தமுறை வேற. நீர் இருந்து பாரும்."

கணக்கு ஆட்டக்காரர்களோடு நிற்கவில்லை. எந்தக் கதிரையில் உட்காருவது, துவைக்காத ஜெர்சியை எந்த நாள் போடுவது என்பதெல்லாம் வியூகத்தில் சேர்த்தி. ஒரு வருடம் மனோ அக்கா – அதாவது திருமதி சிவநேசன் – குசினியில் கறிவேப்பிலை தாளித்த நொடியில் கோல் விழுந்ததாம். அன்றிலிருந்து ஆட்டம் இழுபறியாகும்போதெல்லாம் ஹாலிலிருந்து ஒரு கூக்குரல் கேட்கும்: "இஞ்சாரும், கொஞ்சம் தாளியுமன்!" அக்கா அதற்காக ஒரு தடவைகூடத் தாளித்ததில்லை. "உங்கட ஹொக்கி விசருக்கு நான் எண்ணெய் ஊத்த ஏலாது" என்பார். அணி தோற்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று அண்ணன் மனதார நம்புகிறார்.

இந்த அழகில் போய்க்கொண்டிருந்த மாநாட்டுக்குள் மனோ அக்கா வந்தார். கையில் போன். முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி.

"ஐயர் நாள் வைச்சுத் தந்திட்டார்!"

நாள் என்றால் சிட்னியில் நடக்கப்போகும் மகள் தர்ஷிகாவின் நிச்சயதார்த்தத்துக்கு. மாப்பிள்ளை நிரோஷன், குணம் அண்ணனின் மகன். பெற்றோர் டொரன்டோவில், பையன் வேலை பார்ப்பது மெல்போர்ன் கிரெய்கிபர்னில். அடுத்த மாதக் கடைசியில் கம்பெனி அவனைப் பெர்த்துக்கு அனுப்புகிறது. திரும்ப மார்கழி ஆகிவிடும். மார்கழியில் யார் நிச்சயம் செய்வார்கள்? ஆக, இப்போது விட்டால் தைதான்.

"வைகாசி பிறந்த உடன வாற ஞாயிறு. காலமை ஒன்பதுக்கும் பத்தரைக்கும் இடையில. உந்த ஒரு நாள்தானாம் நல்லாப் பொருந்துது."

கைதட்டல் எதிர்பார்த்தேன். அண்ணன் விரல்களை மடக்கி ஏதோ எண்ணினார். திரையில் குணம் அண்ணனும் விரல் மடக்கினார். இருவர் விரலும் ஒரே இடத்தில் நின்றன.

குணம் அண்ணன் தொண்டையைச் செருமினார். "சம்பந்தி... அந்த ஞாயிறு கொஞ்சம் கஷ்டம்."

"ஏன்?" என்றார் மனோ அக்கா.

"அது வந்து... எங்களுக்கு அது சனி இரவு. செகண்ட் ரவுண்ட் மட்ச் இருக்குமெல்லே. இந்தமுறை அரங்கத்துக்குள்ள போய்ப் பாக்கிறதெண்டு நேர்ந்திருக்கிறன்."

சிவநேசன் அண்ணன் கண்களில் பக்தி பொங்கியது. "அண்ணைதான் உண்மையான ரசிகர்" என்று என் பக்கம் திரும்பி முணுமுணுத்தார். பெற்ற மகளின் நிச்சயதார்த்தம் பற்றிய பேச்சு என்பது அந்த நிமிடம் அவர் மண்டையில் ஏறவே இல்லை.

என் வாய் சும்மா இருக்குமா? "அண்ணா, செகண்ட் ரவுண்டுக்குப் போனாத்தானே பிரச்சினை?" என்றேன்.

மனோ அக்காவுக்கு ஹாக்கி தெரியாது. ஆனால் தர்க்கம் தெரியும். போனை மேசையில் வைத்துவிட்டு இரண்டு ஆண்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப... உங்கட ஆக்கள் தோத்தால் நீங்கள் வரலாம். வெண்டால் என்ர பிள்ளைக்கு நிச்சயதார்த்தம் இல்லை. அப்பிடித்தானே?"

இரண்டு பேரும் மறுபடி விரல் மடக்கினார்கள்.

"சரி, சொல்லுங்கோ. வெல்லுவினமோ, தோப்பினமோ? நான் ஐயருக்குப் பதில் சொல்லவேணும்."

அட, என்ன கேள்வி! வெல்வார்கள் என்றால் மகள் தை வரை காத்திருக்க வேண்டும். தோற்பார்கள் என்றால்... அந்த வார்த்தையை வாயால் சொல்லலாமா? தெய்வக் குற்றமல்லவா! ஒரு மணி நேரமாக மழை மாதிரி பொழிந்த நிபுணர்கள் இரண்டு பேரும் கப்சிப்.

"ஐம்பதுக்கு ஐம்பது எண்டு..." என்று இழுத்தார் சிவநேசன் அண்ணன்.

"ஐயர் ஐம்பதுக்கு ஐம்பது வரமாட்டார். வந்தால் முழுசா வருவார்."

சொல்லிவிட்டு அக்கா குசினிக்குள் போய்விட்டார். நானும் பின்னாலேயே போனேன். சிரித்துக்கொண்டுதான் போனேன். உள்ளே போனதும் சிரிப்பு நின்றுவிட்டது. அக்கா நான் கொடுத்த கறிவேப்பிலையை உருவிக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"பாத்தீங்களே தங்கச்சி? ஐஸில ஓடுற ஒரு றப்பர் வட்டுக்குப் பின்னால என்ர பிள்ளை வரிசையில நிக்குது. உந்த வீட்டுக்கு மருமகளாய்ப் போய் என்ன மரியாதை கிடைக்கப்போகுது அவளுக்கு? இது வேணுமோ எண்டு இருக்கு எனக்கு."

ஃபிரிட்ஜ் பக்கத்தில் தர்ஷிகா சாய்ந்து நின்றிருந்தாள். ஊரில் எத்தனையோ பேருடைய முழங்கால் வலியைத் தீர்த்துவைக்கும் பிசியோதெரபிஸ்ட். "இட்ஸ் ஃபைன், அம்மா," என்றாள் போனிலிருந்து கண்ணை எடுக்காமல். அது ஃபைன் இல்லை என்பது அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்த விதத்திலேயே தெரிந்தது. நான்தான் வாயைக் கொடுத்துக் கெடுத்துவிட்டேனோ?

அப்போது ஹாலிலிருந்து ஒரு பெண் குரல். டொரன்டோவில் குணம் அண்ணனின் மனைவி ராஜி அக்கா, கடைக்குப் போய்த் திரும்பியவர், திரைக்குள் முகத்தை நீட்டியிருந்தார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது.

"நாள் வைச்சாச்சே? என்ன நாள்?"

சிவநேசன் அண்ணன் சொன்னார்.

"ஐயோ, அந்தக் கிழமை நாங்கள் கியூபா போறமே!"

குசினியிலிருந்து நாங்கள் மூன்று பேரும் ஹாலுக்கு வந்த வேகம் இருக்கிறதே...

"கியூபாவோ?" என்றார் மனோ அக்கா.

"ஓமோம், கடற்கரை ஹோட்டல். இவர்தான் தை மாசமே புக் பண்ணினவர். ஒவ்வொரு வருசமும் உந்தக் கிழமைதானே போறனாங்கள். அதுக்குள்ள ஹொக்கி முடிஞ்சிடுமெண்டு இவர்தான் சொல்லுவார்."

திரையில் குணம் அண்ணன் மெதுவாக ஃபிரேமை விட்டு நகரப் பார்த்தார். ராஜி அக்கா நடுவில் நின்றதால் முடியவில்லை.

நான் சிவநேசன் அண்ணனைப் பார்த்தேன். மகளின் நிச்சயதார்த்தத்துக்கு அசையாத மனிதர் இப்போது எழுந்தே நின்றுவிட்டார். "அண்ணை... தை மாசமேவா? சீசன் பாதியில நிக்கேக்கயே தோப்பினம் எண்டு முடிவு கட்டிப்போட்டீங்களோ? இவ்வளவு காலமும் உங்களை நம்பி..."

"நீங்கள் கொஞ்சம் இருங்கோப்பா," என்றார் மனோ அக்கா. "ஐயரிட்ட நாள் கேக்கப் போகேக்க, 'மே நடுவில எனக்கு ஒரு அலுவலும் இராது, அதுக்குள்ள பாருங்கோ' எண்டு சொன்னது ஆர்?"

சிவநேசன் அண்ணன் உட்கார்ந்துவிட்டார்.

தர்ஷிகாதான் முதலில் சிரித்தாள். "ஓ மை காட், அப்பா!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அங்கே ராஜி அக்கா காரணம் புரியாமலே சிரித்தார். விஷயத்தை மனோ அக்கா சுருக்கமாகச் சொல்லி முடித்ததும் அந்தச் சிரிப்பு நின்றது. ராஜி அக்கா கணவர் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். டொரன்டோவிலிருந்து நார்த்மீட் வரை சுட்டது.

குணம் அண்ணன் நேராகப் பார்த்தார்.

"சம்பந்தி, என்னில பிழை. கியூபாவைக் கான்சல் பண்ணுறன். ஐயருக்குச் சொல்லுங்கோ – வெண்டாலும் வாறம், தோத்தாலும் வாறம். மருமகளுக்குப் பிறகுதான் மற்றதெல்லாம்."

"அந்த ஒன்றரை மணித்தியாலம் ரீவி ஓடாது," என்றார் மனோ அக்கா.

"ஓடாது."

"போனும் எடுக்கப்படாது."

அது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் குணம் அண்ணன் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். ஹாக்கி என்றில்லை, எந்த ரசிகனும் அப்படித்தான். நாவில் கோப்பை இருக்கும். காலண்டரில் கியூபா இருக்கும். மனது உடையாமல் இருக்க ஒரு ஓரமாக மெத்தை விரித்து வைத்துக்கொள்வது குற்றமா என்ன? டயட் தொடங்கும் நாளிலேயே பழைய பேண்ட்டையும் பத்திரமாக மடித்து வைக்கும் நான், யாரைப் பார்த்துச் சிரிப்பது?

கதை இங்கே முடிந்தது என்றுதான் நினைத்தேன். நேற்றுக் காலை முதல் ஆட்டம். பதினொன்றரை தாண்டியிருக்கும், வேலி ஓரமாக சிவநேசன் அண்ணன் வந்தார். "தங்கச்சி... எங்கட ஆக்கள் வெண்டிட்டினம்," என்றார். சாவு வீட்டுச் செய்தி சொல்பவர் குரல். இப்படியே போனால் அந்த ஞாயிறு என்ன ஆகும் என்ற கவலை அவருக்கு.

அவர் போன சிறிது நேரத்தில் மனோ அக்கா வந்தார். கையில் வெறும் கிண்ணம்.

"இன்னும் மூண்டு வெண்டால் போதுமாமே?"

"ஆமாக்கா. நாலு ஜெயிச்சா அடுத்த ரவுண்டு."

"கறிவேப்பிலை கொஞ்சம் பிடுங்கவோ?"

எனக்குப் பொறி தட்டியது. "அக்கா! காலையில தாளிச்சீங்களா?"

"ஓம். கடைசிக் கோலுக்குக் கொஞ்சம் முன்னம்," என்றார், துளியும் சிரிக்காமல். "தோத்துப்போட்டு வாறது என்ன பெரிய காரியமே தங்கச்சி? போக ஒரு இடமும் இல்லாட்டில் ஆரும் வருவினம். வெல்லட்டும். வெண்டுபோட்டு, அந்த மட்சை விட்டுட்டு, என்ர பிள்ளைக்காக பிளேன் ஏறி வரட்டும். அப்ப தெரியும் எனக்கு."

கிண்ணம் நிறையப் பறித்துக்கொண்டு போய்விட்டார்.

கோல்கீப்பர் இடுப்பு எப்படியோ, எனக்குத் தெரியாது. ஆனால் என் செடியைப் பார்த்தேன்... சிட்னிக்குக் குளிர்காலம் வேறு வருகிறது, ஏழு ஆட்டம் தாங்காது.