கையெழுத்து மட்டும் இருந்த தாள்கள்

அம்பத்தூரில் ஒரு எம்.பி. அலுவலகத்தில் பதினைந்து ஆண்டுகள் உதவியாளராக இருந்தேன். அதாவது எம்.பி.யின் மூன்று பதவித் தவணை. முதல் தவணையில் எம்.பி. ஒவ்வொரு கடிதத்தையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். இரண்டாவதில் கடைசி வரியை மட்டும் படித்தார். மூன்றாவதில் வெற்று லெட்டர்பேடில் நூறு நூறாகக் கையெழுத்திட்டு என்னிடம் கொடுத்துவிட்டார். பழைய கடிதத்தை எடுத்துப் பெயரை மாற்றி அடிப்பது என் வேலை.

நான்காம் முறை அவர் தோற்றார். பீரோவில் கையெழுத்திட்ட தாள்கள் முப்பத்தொன்று மீதம். அன்றே கிழித்திருக்க வேண்டும். எண்ணி வைத்தேன்.

முடிவு வந்த ஒன்பதாம் நாள் பூந்தமல்லி தையல்காரர் யூசுப் பாய் வந்தார். மகளுக்கு இதய அறுவை சிகிச்சை. டில்லியிலிருந்து மருத்துவ நிதியுதவி கிடைக்க எம்.பி.யின் சிபாரிசுக் கடிதம் வேண்டும். இல்லை என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. ஒரு தாளை உருவி, முன்தேதியிட்டு அனுப்பிவிட்டேன். அனுப்பிய இருபத்திரண்டாம் நாள் அது டில்லியிலிருந்து திரும்பி வந்தது: அவர் இப்போது உறுப்பினர் இல்லை. அறுவை சிகிச்சைக்குப் பத்தொன்பது நாள் இருந்தது.

“இன்னா சார், சீட்ல ஆள் மாறிக்கீது, ஊருக்கே தெரியும். உங்களுக்கு மட்டும் யாரும் சொல்லலியா?” என்றார் பாய்.

மறுநாள் காலை, புதிய கடிதத்தை வெள்ளைத் தாளில் நானே அடித்து எடுத்துக்கொண்டு அவருடன் ஆவடிக்குப் போனேன். புதிய எம்.பி.யின் அலுவலகம் அங்கேதான்.

வாசலில் இருந்தவர், “டோக்கன் இன்னா?” என்றார்.

“நான் பழைய எம்.பி.யோட பி.ஏ.”

“அப்ப பழைய எம்.பி. ஊட்டுக்குப் போ நைனா. இங்க லைன்ல நில்லு.”

வரிசையில் எல்லோரும் சிரித்தார்கள். பாயும் சிரித்தார். எங்கள் டோக்கன் நாற்பத்தாறு.

புதிய எம்.பி. முதல் முறை வென்ற பெண்மணி. கடிதத்தை முதல் வரியிலிருந்து படித்தார். பேனாவை எடுத்தவர் கீழே வைத்தார்.

“ஐயா, பேஷன்ட் பையனா, பொண்ணா?”

“பொண்ணு மேடம், ஆயிஷா” என்றார் பாய்.

“பேரு சரி. ‘இவருடைய மகன்’னு போட்டிருக்கே?”

பழைய கடிதத்தின் சொல். நான் பெயரை மட்டும் மாற்றியிருந்தேன். பாய் என்னைப் பார்த்தார். கடிதம் வேறு தாளில் அடிக்கப்பட்டது. இரண்டாம் முறையும் புதிய எம்.பி. முழுவதும் படித்துவிட்டே கையெழுத்திட்டார். நிதியுதவி உத்தரவு, அறுவை சிகிச்சைக்கு இரண்டு நாள் முன்பு மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தது. ஆயிஷா நலம்.

எம்.பி.க்களுக்கு இரண்டு தவணை போதும் என்று சிலர் சொல்கிறார்கள். அனுபவம் வீணாகும் என்று மறுப்பவர்களும் உண்டு. என் பதினைந்து ஆண்டு அனுபவம் ஒரு மகளை மகன் என்று எழுதியது. இரண்டு போதும் என்பதே என் கருத்து. அந்த விதியில் உதவியாளர்களையும் சேர்க்க வேண்டும்.