அண்ணன் காரில் ஏறிய தண்ணீர்

அண்ணன் மகளின் கல்யாணத்துக்குப் பத்து நாள் இருந்தது. தைக்கக் கொடுத்திருந்த ரவிக்கைகளை வாங்கி வர, கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்குப் போனேன். என் கார் ஒர்க்‌ஷாப்பில் கிடந்ததால் அண்ணன் காரை எடுத்துக்கொண்டேன். கடைகளுக்குப் பின்சந்தில், கோடு போட்ட இடத்தில், பார்க்கிங் பணம் கட்டித்தான் நிறுத்தினேன்.

தையல் கடை முதல் மாடியில். நான் ஏறியதும் மழை பிடித்தது. அரை மணி நேரத்துக்குப் பிறகு கீழே இருந்த பழக்கடைக்காரர் நனைந்தபடி படியேறி வந்தார்.

"அக்கா, பின்னால நிக்கிற வெள்ளைக் காடி உங்களோடதா? தண்ணி சீட்டு வரைக்கும் ஏறிடுச்சு."

இறங்கிப் பார்த்தேன். சந்து முழுக்கப் பழுப்புத் தண்ணீர். மழை விட்டு, தண்ணீர் சக்கரத்துக்குக் கீழே வடிந்த பிறகு கதவைத் திறந்தேன். உள்ளே நின்ற தண்ணீர் என் காலில் கொட்டியது.

"ஸ்டார்ட் பண்ணாதீங்கக்கா. டோ லோரியக் கூப்பிட்டு இழுத்துட்டுப் போகச் சொல்லுங்க" என்றார் அவர்.

மறுபடி மழை வருவதற்குள் மேட்டுக்கு நகர்த்திவிட்டால் போதும் என்று நினைத்துச் சாவியைத் திருகினேன். ஒரு முறை செருமியது. இரண்டாம் முறை உள்ளே டங்கென்று ஒரு சத்தம். அதோடு சரி.

பூச்சோங்கில் இருந்த அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"நீ நல்லாருக்கியா? காடிய விடு. வெள்ளத்துக்கும் சேத்துதான் இன்சூரன்ஸ் எடுத்திருக்கேன்."

"ரோட்டுல தண்ணி தேங்கினதுக்கு மாநகராட்சியக் கேக்க முடியாதாண்ணே?"

"மழை மேலயும் சேத்து கேஸ் போடு" என்று சிரித்தார்.

கார் இன்சூரன்ஸ் சாதாரணமாக வெள்ளத்துக்குச் செல்லாது. தனியாகக் கட்ட வேண்டும். அண்ணன் வருஷந்தவறாமல் கட்டியவர். சாவியைத் திருகியதை மட்டும் நான் சொல்லவில்லை.

மூன்றாம் நாள், ஒர்க்‌ஷாப்பில் சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தார். பிரித்து வைத்த இன்ஜினைப் படமெடுத்துக்கொண்டே கேட்டார்.

"தண்ணி ஏறினப்புறம் யாராச்சும் ஸ்டார்ட் பண்ணீங்களா?"

"இல்ல" என்றார் அண்ணன். சொல்லிவிட்டுத்தான் என் முகத்தைப் பார்த்தார்.

"நான் பண்ணேன். ரெண்டு தடவ" என்றேன்.

அந்தப் பெண் எழுதிக்கொண்டார். அண்ணன் வெளியே போய் நின்றார். வீடு திரும்பும் வழியில் கேட்டார்.

"நான்தான் இல்லன்னுட்டேனே. நீ எதுக்கு நடுவுல பேசுன?"

"பொய்னு தெரிஞ்சா மொத்த கிளெய்மும் போயிருக்கும்ணே."

அது பிறகு யோசித்துச் சொன்ன காரணம். அந்த நேரத்தில் நான் எதையும் கணக்குப் போடவில்லை. கேள்விக்குப் பதில் வாயில் வந்துவிட்டது.

கம்பெனிக் கடிதம் வந்தது. சீட்டு, ஒயரிங், சுத்தம் செய்யும் செலவு அவர்களுடையது. இன்ஜின், தண்ணீரோடு ஸ்டார்ட் செய்ததால் கெட்டது. அது எங்கள் பாடு. முழுவதையும் நானே தருகிறேன் என்றேன். அண்ணிதான் குறுக்கே வந்தார்.

"நம்ம வீட்டு வேலையாதானே போனா? அவ மட்டும் எப்படிக் கட்டுவா?"

கடைசியில் ஆளுக்குப் பாதி என்று முடிந்தது. கல்யாணத்துக்கு வாடகைக் கார்தான். அன்று மண்டபத்தில் அண்ணன் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். அதைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. சரியாகப் பேச இன்னும் ஒரு மாதம் ஆனது.

அந்தக் கார் இப்போதும் ஓடுகிறது. ஏசியைப் போட்டால் மட்டும் லேசாகச் சேற்று வாடை வருகிறது. மூன்று முறை கழுவியும் போகவில்லை.