கார் கூரையில் இரண்டு போர்டு, பின்னால் அப்பா

வீடு மாறும்போது லோரிக்காரர் ஏற்ற மாட்டேன் என்று சொன்னது எங்கள் வீட்டில் இரண்டே இரண்டு சாமான்களைத்தான். ஒன்று என் கணவரின் பேடல் போர்டு, இன்னொன்று சர்ஃப் போர்டு. அலமாரி, கட்டில், சாமி மேடை எல்லாவற்றையும் முகம் சுளிக்காமல் ஏற்றிய மனிதர் அந்தப் பலகைகளைப் பார்த்ததும் கையை உதறிவிட்டார். அடியில் வைத்தால் உடையும், மேலே வைத்தால் பறக்கும், அப்புறம் என்னைக் கேட்கக் கூடாது என்றார். பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்து கோலா சிலாங்கூருக்கு மற்ற சாமான்களோடு கிளம்பிப் போய்விட்டார். பறக்கும் என்று அவர் சொன்னது மட்டும் என் வயிற்றுக்குள் தங்கிவிட்டது.

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. கேஸ் அடுப்பை அடைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவள். ராத்திரி போன் அடித்தால் எடுப்பதற்கு முன்பே யார் செத்தது என்று யோசித்துவிடுவேன். என் கணவர் எனக்கு நேர் எதிர். கூரை இடிந்து விழுந்தாலும் காற்று நன்றாக வருகிறது என்பார். இந்த இரண்டு பேரும் ஒரே காரில் போவதுதான் எங்கள் குடும்ப வாழ்க்கை.

பலகைகள் வந்த கதை சின்னது. அவருக்கு முதுகு வலி. தண்ணீரில் ஏதாவது செய்யுங்கள் என்று டாக்டர் சொன்னார். வேலையிடத்தில் ஊரைவிட்டுப் போகிற ஒருவர் பேடல் போர்டை மலிவாகக் கொடுத்தார். நின்றுகொண்டே துடுப்பு போடும் நீளப் பலகை அது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் பாசிர் பெனம்பாங் பக்கம் ஆற்றில் அதன்மேல் நின்று போவார், படகுக்காரர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். அலைமேல் சறுக்குகிற சர்ஃப் போர்டு அதோடு இலவசமாக ஒட்டிக்கொண்டு வந்தது. ஜெராம் கடலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே அலை கணுக்காலைத் தொட்டாலே பெரிய விஷயம், மீதி எல்லாம் சேறு. அதனால் அந்தப் பலகையில் அவர் ஒரு நாளும் ஏறியதில்லை. சுவரில் சாய்ந்து நின்ற அதைப் பார்த்து, துணி தேய்க்கிற மேசையா என்று பக்கத்து வீட்டம்மா கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கம் சொல்லி மாளாது.

அம்மா போன பிறகு அப்பா எங்களோடுதான் இருக்கிறார். எஸ்டேட்டில் எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை ஏற்றுகிற வேலையிலேயே வயதைக் கழித்தவர். அவருடைய பழைய மோட்டர் சைக்கிளும் புது வீட்டுக்கு வர வேண்டும். அதை லோரியில் போட்டு அனுப்பலாம் என்று நான் சொன்னதை அவர் காதிலேயே வாங்கவில்லை. எஸ்டேட் வீட்டு வரிசையான லயத்தில் யார் வீடு மாறினாலும் சாமான் லோரிக்குப் பின்னால் ஒரு மோட்டர் போகும். தலையணை, குடம், கோழிக்கூடை என்று விழுவதையெல்லாம் நின்று எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ப்பதற்காக. எங்கள் லயத்தில் பாதிக் குடும்பங்களுக்குப் பின்னால் அப்படிப் போனது அப்பாதான். இப்போது சொந்த மகள் வீடு மாறும்போது முன்னால் போவாரா?

பலகைகளைக் கட்டியது என் கணவர். காரின் கூரைக் கம்பிகளில் இருந்த பஞ்சு உறை வெயிலில் பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தது. பேடல் போர்டை அந்த வெறுங்கம்பிமேலேயே வைத்துவிட்டு, தடியான நீலக் குளியல் துண்டு ஒன்றை மடித்து, பேடல் போர்டுக்கும் மேலே வைத்த சர்ஃப் போர்டுக்கும் நடுவில் சொருகினார். இரண்டு பட்டைகளைக் குறுக்கே போட்டு இழுத்து, பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆடாது என்றார். நான் பிடித்து ஆட்டினேன், ஆடியது. ஆடுவது கார்தான், பலகை இல்லை என்றார்.

நான் அப்பாவிடம் போய்க் கெஞ்சினேன்.

"பின்னாடி வராதீங்கப்பா. மோட்டர எடுத்துக்கிட்டு முன்னாடி போயிருங்க."

அவர் ஹெல்மெட்டின் வாரை மாட்டிக்கொண்டே சொன்னார். "முன்னாடி போனா யாரு பாக்குறது? விழுந்தா பின்னாடி இருக்கிறவனுக்குத்தான்மா தெரியும்."

அதுதான் எனக்குப் பயம் என்று வாய்வரை வந்தது. அபசகுனமாகப் போய்விடுமோ என்று விழுங்கிக்கொண்டேன்.

காரை நான்தான் ஓட்டினேன். கட்டில் தூக்கி முதுகு பிடித்துக்கொண்ட என் கணவர் இடது பக்கம் உட்கார்ந்து, ஜன்னல் வழியாகக் கையை நீட்டி முன் பட்டையைப் பிடித்துக்கொண்டார். எங்கள் ஊரில் கார் மேல் மெத்தை ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் இப்படித்தான் ஒரு கையால் பிடித்துக்கொண்டு போவார்கள். அவர் கைக்குக் காற்று அடங்கிவிடும் போல.

ஊரைத் தாண்டி இரண்டு பக்கமும் செம்பனை வந்ததும் கூரையிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. உம்ம்ம் என்று, அடிவயிற்றிலிருந்து முனகுகிற மாதிரி. நான் கொஞ்சம் வேகம் எடுத்தால் அதுவும் குரலை உயர்த்தியது. அவரிடம் கேட்டேன். பட்டை காற்றில் அதிர்கிறது, எல்லாக் காரிலும் வருகிற சத்தம்தான், "ஒன்னும் ஆகாது லா" என்றார். ஒன்றும் ஆகாது என்று யாராவது சொன்னால்தான் எனக்கு உள்ளங்கை வேர்க்க ஆரம்பிக்கும்.

நான் ரோட்டைப் பார்த்ததைவிட முகக்கண்ணாடியைத்தான் அதிகம் பார்த்தேன். பின்பக்கக் கண்ணாடிக்கு மேலே சர்ஃப் போர்டின் வால் நீட்டிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே அப்பாவின் சிவப்பு ஹெல்மெட். அவர் எங்களை ஒட்டியே வந்தார், விழுவதைக் கையிலேயே பிடித்துவிடுவார் போல. நான் வலது கையை வெளியே நீட்டி, தள்ளி வாங்க, தள்ளி வாங்க என்று உள்ளங்கையைக் காட்டினேன். அதை அவர் எப்படி எடுத்துக்கொண்டாரோ, பதிலுக்குக் கையசைத்துவிட்டு இன்னும் நெருங்கி வந்தார்.

எதிரில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று வந்தது. அது கடந்த வேகத்தில் காற்று காரை ஓரமாகத் தள்ளியது. கூரையில் டொக் என்று ஒரு அடி. கண்ணாடியில் இருந்த பலகை வால் மேலே எழும்பி, மறுபடி படிந்தது. அந்தப் பலகையின் ஓரம் எவ்வளவு மெல்லியது என்று எனக்குத் தெரியும், வாரா வாரம் துடைத்தவள் நான். அப்பாவின் கழுத்து எந்த உயரத்தில் இருக்கிறது என்பதும் கண்ணாடியில் தெரிந்தது. இந்த இரண்டையும் சேர்த்து நினைக்காதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சேர்த்துத்தான் நினைத்தேன், திரும்பத் திரும்ப.

நிறுத்தப்போகிறேன் என்றேன். என் கணவர் இப்போது இரண்டு கைகளாலும் பட்டையைப் பிடித்திருந்தார். இங்கே நிறுத்தாதே, ஓரத்தில் பெரிய கால்வாய் இருக்கிறது, முன்னால் பஸ் ஸ்டாண்டு வரும் என்றார். கண்ணாடியில் பார்த்தால் அப்பாவுக்குப் பின்னால் இன்னொரு லோரி வந்து சேர்ந்திருந்தது. நான் பிரேக் போட்டால் அப்பா போட வேண்டும், அப்பா போட்டால் லோரி போட வேண்டும். லோரி போடுமா? வேகமாகப் போனால் பலகை எழும்புகிறது. மெதுவாகப் போனால் லோரி அப்பாவை நெருக்குகிறது. எதைச் செய்தாலும் அப்பாதான் நடுவில்.

அப்போதுதான் துண்டு பறந்தது. நீலமாக ஏதோ ஒன்று கண்ணாடியைக் குறுக்கே கடந்து போனது. துண்டு போனதும் பட்டைகள் தொளதொளவென்று ஆகிவிட்டன. பிடித்துக்கொண்டேதான் இருக்கிறேன் என்று என் கணவர் சொன்னார், ஆனால் குரல் மாறியிருந்தது. வளைவில் காரைத் திருப்பி, ரோடு நேரானதும் நான் கண்ணாடியைப் பார்த்தேன்.

சிவப்பு ஹெல்மெட் இல்லை. அப்பா இருந்த இடத்தில் லோரியின் முகப்பு இருந்தது, கண்ணாடி முழுக்க.

அடுத்த மூச்சு விடுவதற்குள் தலைக்கு மேலே சரசரவென்று ஏதோ வழுக்கிப் போனது. பின்னால் மட்டை முறிகிற மாதிரி ஒரு சத்தம். லோரியின் பிரேக் நீளமாகக் கிறீச்சிட்டது. நான் காரை எங்கே நிறுத்தினேன், எப்படி நிறுத்தினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். செருப்பு ஒன்று ரோட்டிலேயே கிடந்தது.

லோரியின் முன் சக்கரத்துக்கு அடியில் வெள்ளையாகச் சிதறல்கள் கிடந்தன. நான் ரோட்டில் முட்டி போட்டுக் குனிந்து அடியில் பார்த்தேன். சிவப்பு தேடினேன். அந்த நேரத்தில் என் மனம் வேறு எதையும் கேட்கவில்லை, சிவப்பாக எதுவும் இருக்கக் கூடாது என்பதைத் தவிர. லோரி ஓட்டி வந்த மலாய்க்காரப் பையன் இறங்கி நின்று, பலகைதான், வேறு ஒன்றும் இல்லை என்று மலாயில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். என் அப்பா எங்கே என்று நான் அவனைத் தமிழில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போது வளைவுக்கு அந்தப் பக்கமிருந்து அந்த மோட்டரின் சத்தம் வந்தது. அப்பா நிதானமாக வந்து கொண்டிருந்தார். தோளில் நீலத் துண்டு. எங்கள் பக்கத்தில் வந்து காலை ஊன்றி நிறுத்தினார்.

"ஏம்மா, நடு ரோட்டுல உக்காந்திருக்க? துண்டு விழுந்துச்சு, எடுக்க நின்னேன்."

நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஆத்திரம்தான் அதிகம். ஒரு துண்டுக்காகவா நிற்பார்கள், பாசாரில் அதைவிட நல்லதாகக் கிடைக்காதா என்று என்னென்னவோ கத்தினேன். துண்டுக்காக நிற்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கத்தி முடித்த பிறகுதான் உறைத்தது. அவருக்கும் அந்த நேரத்தில்தான் உறைத்திருக்க வேண்டும். லோரிக்கு அடியில் இரண்டாகக் கிடந்த பலகையைப் பார்த்தார். எங்கள் காரைப் பார்த்தார். நடுவில் இருந்த இடத்தைப் பார்த்தார்.

என் கணவர் உடைந்த பலகைத் துண்டுகளைப் பொறுக்கி பின்சீட்டில் ஓர் ஓரமாகப் போட்டார். மீதமிருந்த பேடல் போர்டைப் பட்டை இறுக்கி, கயிற்றாலும் சுற்றிக் கட்டினார். இந்த முறை தட்டிப் பார்க்கவும் இல்லை, ஆடாது என்று சொல்லவும் இல்லை. லோரிப் பையன் எங்களுக்குத் தலையசைத்துவிட்டுப் போனான். அப்பா மோட்டரை உதைத்தார். கிளம்பவில்லை. மறுபடி உதைத்தபோது கால் நழுவியது.

நான் அவர் தலையிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றி என் தலையில் போட்டுக்கொண்டேன். நீங்கள் காரில் ஏறுங்கள், மோட்டரை நான் கொண்டு வருகிறேன் என்றேன். எனக்கு லைசன்ஸ் உண்டு, பள்ளிக்கூட நாளிலிருந்து ஓட்டுகிறவள்தான். அப்பா கைப்பிடியை விடவில்லை.

"பின்னாடி வராதம்மா," என்றார். "முன்னாடி போயிரு."

"முன்னாடி போனா யாருப்பா பாக்குறது?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கைப்பிடியை விட்டுவிட்டுப் போய்க் காரின் பின்சீட்டில் ஏறினார்.

என் கணவர் முதுகைப் பிடித்துக்கொண்டே காரை எடுத்தார், அவரால் முடிந்த மட்டும் மெதுவாக. நான் நன்றாகத் தள்ளியே போனேன். மேலே பலகை அசையவில்லை. ஆனாலும் எனக்குப் பயம் போகவில்லை, ஒவ்வொரு லோரிக்கும் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டேன். இந்த இடத்தில்தான் அப்பா அவ்வளவு நேரம் கையசைத்துக்கொண்டு வந்தார்.

அவர் முன்னால் திரும்பி உட்காரவே இல்லை. பின்சீட்டில் முட்டி போட்டு, பின்பக்கக் கண்ணாடியில் முகத்தை வைத்துக்கொண்டு என்னையே பார்த்து வந்தார். பலகையை அவர் ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. கோலா சிலாங்கூர் வரும்வரை கண்ணாடியில் உள்ளங்கையை அழுத்தி, தள்ளி வா, தள்ளி வா என்று காட்டிக்கொண்டே இருந்தார்.