சுந்தரம்மா கேட்டதெல்லாம்

சித்தூர்ப் பக்கத்துக் குடிபாலாவில் சுந்தரம்மா நாற்று நட இறங்கினால் ஒரு பக்கத்துக் கன்னம் உப்பியிருக்கும். உள்ளே பொகையிலை. சோறு துன்னும்போதும் தூங்கும்போதும்தான் அதற்கு லீவு. "இவ வாய் காலியா இருக்கிற அன்னிக்குத்தான் எல்லைப் பிரச்சினை தீரும்" என்று கூட நடுகிற பொம்பளைகள் சிரிப்பார்கள். சித்தூர் ஆந்திராவா, மெட்ராசா என்று ஊரே அடித்துக்கொண்டிருந்த காலம். அவள் புருஷன் முனிரத்தினமும் டீக்கடையில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டு வருவான்.

சுந்தரம்மாவுக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது. பெற்ற பிள்ளைகள் இரண்டும் எலும்பும் தோலுமாய்ப் பிறந்து, பேர் வைப்பதற்குள் போய்விட்டன. இப்போது மூன்றாவது, ஐந்து மாசம். இதுவாவது தங்கணும். அவளுக்கு இருந்தது அந்த ஒரே கவலைதான்.

கர்ப்பிணிகளைப் பார்க்க ஊர் ஊராய் வரும் மிஷன் நர்ஸ் தபீதாள் அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கன்னத்தைப் பார்த்தாள். "நீ வாயில போடறது உள்ள இருக்கிறதுக்கும் போவுது சுந்தரம்மா. பொகையிலை போடறவங்க புள்ளைங்க நிறைய எளைச்சிப் பொறக்குதுங்க, பார்த்துக்கினேதான் இருக்கேன். முன்னாடி ரெண்டும் அதனாலதான் போச்சுன்னு சொல்லமாட்டேன், எனக்குத் தெரியாது. இந்தத் தடவை விட்டுப் பாரேன்."

அன்றைக்கே வேலியோரம் போய்த் துப்பினாள். துப்பிவிட்டு அழுதாள்.

விடுவது கூடப் பெரிசில்லை, ஊர்ப் பாசத்தை என்ன செய்வது? வாயும் வயிறுமாய் இருக்கிறவள் ஆசைப்பட்டதைக் கொடுக்காவிட்டால் பிறக்கிற பிள்ளைக்குக் காதில் சீழ் வடியுமாம். சுந்தரம்மாவின் ஆசை எதன் மேல் என்று ஊருக்கே தெரியும். எதிர்வீட்டுக்காரி ஒரு துண்டு கொண்டுவருவாள், களத்துமேட்டிலிருந்து ஒருத்தி ஒரு மடி. மாமியார் சந்திரம்மாவோ நல்ல காரமான இலையாய்ப் பார்த்து வாங்கிவந்து, "போட்டுக்கோடி, ஆசைய அடக்கினா புள்ளைக்கு ஆவாது" என்று கையில் திணிப்பாள். வேண்டாம் என்றால் கண் கலங்குவாள். இந்த நல்ல மனசுக்காரர்களோடு மல்லுக்கட்டுவதைவிடக் கெட்டவர்களோடு கட்டிவிடலாம். சுந்தரம்மாவுக்கோ தலை வெடித்தது, நாக்கு நமநமவென்றது. ஒரு நாள் கை நீண்டே போய்விட்டது.

நீண்ட கையை இழுத்துக்கொண்டு சொன்னாள்: "அத்தை, இப்ப எனக்குப் பொகையிலை ஆசை போயிடுச்சி. மாங்கா துன்னணும்."

கார்த்திகை மாசத்தில் மாங்காய்! சந்திரம்மா வெலவெலத்துப்போய் மகனை விரட்டினாள். முனிரத்தினம் எல்லைப் பிரச்சினையை டீக்கடையிலேயே விட்டுவிட்டுச் சித்தூர் மார்க்கெட்டெல்லாம் சுற்றி, கடைசியில் யார் வீட்டிலிருந்தோ ஒரு ஜாடி மாங்காய் ஊறுகாயோடு வந்து சேர்ந்தான்.

அவ்வளவுதான், சுந்தரம்மாவுக்கு வழி தெரிந்துவிட்டது. நாக்கு நமநமத்தால் வேர்க்கடலை கேட்பாள். தலை வலித்தால் கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும். முட்டை, முருங்கைக்கீரை, வெல்லம். கேட்டதைக் கொடுக்காமலிருக்க யாருக்குத் தைரியம்? "இன்னா மாமா, புள்ள காது உனக்கு முக்கியமில்லியா?" என்று புருஷனைப் பார்ப்பாள்; அவன் சைக்கிளை எடுப்பான். அடுத்த தடவை வந்த தபீதாள் விஷயத்தைக் கேட்டுச் சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போனாள்.

பங்குனியில் வலி கண்டது. பாடாய்ப் படுத்திவிட்டுத்தான் வந்தாள் மகாராசி. பிறந்ததும் அவள் போட்ட சத்தத்தில் டீக்கடையில் பேச்சு நின்றது. கொழுகொழுவென்று பெண் குழந்தை.

பேர் வைக்கிற நாளும் வந்தது. தாட்சாயணி என்று காதில் மூன்று தரம் சொன்னார்கள். குழந்தை ஒரு கொட்டாவி விட்டது. சாப்பிட்டு எழுந்த பொம்பளைகள் வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்து, "இனிமே போடலாமேடி" என்று பொகையிலையை நீட்டினார்கள். சுந்தரம்மா நீட்டியதைப் பார்க்கவுமில்லை. காலையிலிருந்து பிள்ளையைக் கீழே விடவில்லை அவள்.

மாமியார் பக்கத்தில் வந்து கைநீட்டினாள். "எம்மா நேரமா வெச்சிக்கினு இருக்கே, கல்லு கணக்கா கனக்குறா. கை வலிக்கும், குடு."

"வலிக்கட்டும் அத்தை" என்றாள் சுந்தரம்மா.